ரெண்டு ஸ்பீட் பிளகின் போட்டும் பக்கம் ஏன் இழுக்குது?

கேள்வி: ஹட்டன்லருந்து ஒரு தம்பி, 18 ஜனவரி 2025

அண்ணே, எல்ல ஊர்ல ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வேர்ட்பிரஸ்ல சைட் செஞ்சு குடுத்தேன். கேஷ் பிளகின் (செஞ்ச பக்கத்தைச் சேத்து வச்சு அப்படியே குடுக்குறது) ஒண்ணு, ஆப்டிமைஸ் பிளகின் ஒண்ணு, ரெண்டும் போட்டாச்சு, ரெண்டுலயும் இருக்கிற எல்லா சுவிட்சையும் ஆன் பண்ணியாச்சு. கூகுளோட பேஜ்ஸ்பீட் டெஸ்ட்ல மொபைல் ஸ்கோர் இன்னும் செவப்புலதான் நிக்குது. மெனு வேற சில நேரம் தொறக்க மாட்டேங்குது. தேவையில்லாத சிஎஸ்எஸ் (தோற்றத்துக்கு), ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட், பக்கம் வேலை செய்றதுக்கு) ஃபைலைப் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தலாம்னு சொல்றாங்களே, எதையெல்லாம் நிறுத்தலாம்னு ஒரு லிஸ்ட் போடுங்களேன்.

18 ஜனவரி, ராத்திரி

லிஸ்ட் கெடையாது தம்பி. ஒரு சைட்டுக்கு சரியா வர்ற லிஸ்ட் அடுத்த சைட்டை ஒடைக்கும். எந்த ஃபைல் வேணும் எது வேணாம்னு டூல் சொல்லாது, அந்தப் பக்கத்துக்கு வர்ற ஆளு என்ன செய்ய வர்றாருன்னு தெரிஞ்சவர்தான் சொல்ல முடியும். அது நீங்க, இல்லாட்டி கெஸ்ட் ஹவுஸ் ஓனர்.

அதுக்கு முன்னால, ரெண்டு பிளகின்லயும் எல்லாத்தையும் ஆன் பண்ணினேன்னு சொல்றீங்களே, அங்கதான் மொதல் சிக்கல். ஃபைலைச் சுருக்குறது, சேக்குறது, ஜேஎஸ்ஸைத் தள்ளிப்போடுறது, படத்தை லேஸி லோட் பண்றது (ஆள் கிட்ட வரும்போது மட்டும் எறக்குறது), இது ஒவ்வொண்ணையும் ஒரே ஒரு பிளகின்தான் செய்யணும். வாட்டி எடுத்த தேயிலைக் கொழுந்தையே மறுபடி கொண்டுபோய் வாட்டினா தூள் என்னாகும்னு ஃபேக்டரியில கேட்டுப் பாருங்க. இப்போதைக்கு பேஜ் கேஷ் மட்டும் ஒரு பிளகின்ல இருக்கட்டும், மத்த சுவிட்ச் பூராவும் ஆஃப் பண்ணுங்க, கேஷைக் காலி பண்ணுங்க, மெனு தொறக்குதான்னு பாருங்க. தொறந்தா ஒவ்வொரு சுவிட்சா ஆன் பண்ணி, ஒவ்வொரு தரமும் கேஷைக் காலி பண்ணிப் பாக்கணும். சலிப்பான வேலைதான், வேற வழி கெடையாது.

லாகின் பண்ணிட்டுப் பாக்காதீங்க. லாகின்ல இருக்கிற ஆளுக்கு பெரும்பாலான கேஷ் பிளகின் கேஷ் பண்ணாத பக்கத்தைத்தான் குடுக்கும், மேல இருக்கிற அட்மின் பாரும் தன் பங்குக்கு ஃபைலைக் கொண்டாந்து எறக்கும். இன்காக்னிட்டோல பாருங்க.

19 ஜனவரி

மெனு தொறந்திருச்சாம். ஜாவாஸ்கிரிப்ட்டை 'ஆள் தொடுற வரைக்கும் தள்ளிப்போடு'ங்கிற சுவிட்ச்தான் காரணம்னு தம்பி கண்டுபுடிச்சிட்டார். அது எப்படின்னா, மொதல் தட்டு தட்டினதும்தான் ஸ்கிரிப்ட்டெல்லாம் எறங்க ஆரம்பிக்கும், அந்த மொதல் தட்டு சில தீம்ல வீணாப்போகும், ரெண்டாவது தட்டுக்குத்தான் மெனு வரும். ஸ்கோர் மட்டும் ஜம்முனு ஏறும், ஏன்னா பேஜ்ஸ்பீட் மெஷின் பக்கத்தைத் தொறந்து பாக்குமே தவிர எதையும் தட்டாது. நெசமான ஆளுங்களோட தட்டுக்குப் பக்கம் எவ்வளவு நேரத்துல பதில் குடுக்குதுங்கிறத ஐஎன்பின்னு தனியா அளக்குறாங்க, 2024 மார்ச்லருந்து பழைய எஃப்ஐடிங்கிற அளவுக்குப் பதிலா கூகுள் அதைத்தான் எடுத்துக்கிட்டாங்க, 200 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா நல்லது.

அந்த சுவிட்சை அடியோட வேணாம்னு சொல்லல. சாட், அனலிட்டிக்ஸ் மாதிரி வெளியிலருந்து வர்ற ஸ்கிரிப்ட்டை மட்டும் தள்ளிப்போட்டுட்டு மெனு, ஜேக்வெரி (பல பிளகின் நம்பி நிக்கிற பொது ஜேஎஸ் ஃபைல்) ரெண்டையும் விலக்கு லிஸ்ட்ல போட்டா ஓடும்.

21 ஜனவரி

இப்ப ஃபைலை நிறுத்துற கதைக்கு வருவோம். குரோம்ல பக்கத்தோட உள்வேலையைக் காட்டுற டெவ்டூல்ஸைத் தொறந்து கவரேஜ்னு ஒரு பேனல் எடுத்து ரீலோட் பண்ணினா, எந்த ஃபைல்ல எவ்வளவு பயன்படாம கெடக்குன்னு செவப்புல காட்டும். பாத்த ஒடனே கை துறுதுறுங்கும், எல்லாத்தையும் தூக்கிரலாம்னு. பொறுங்க. கவரேஜ் சொல்றது 'இது வரைக்கும் பயன்படல'ங்கிறது மட்டுந்தான். மெனுவைத் தொறங்க, கேலரியில ஒரு படத்தைத் தட்டுங்க, கீழ வரைக்கும் போங்க, செவப்பு கொறஞ்சுக்கிட்டே வரும். ஃபோன் அளவுக்கு ஸ்கிரீனைச் சுருக்கினா அது வேற கணக்கு காட்டும்.

கூடவே குவெரி மானிட்டர்னு ஒரு இலவச பிளகின் போட்டுக்கோங்க. ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் எந்த பிளகின்லருந்து வருது, எது எதை நம்பி நிக்குதுன்னு அது காட்டும், நம்பி நிக்கிறதுதான் இங்க முக்கியம். ஒரு ஸ்கிரிப்ட்டை டிகியூ பண்றீங்க (வரிசையிலருந்து எடுக்குறீங்க), ஆனா வேற ஒண்ணு அதை நம்பி வரிசையில நிக்குதுன்னா வேர்ட்பிரஸ் அதைத் திரும்ப இழுத்துட்டு வந்துரும், நீங்க 'நிறுத்தினேன், நிக்க மாட்டேங்குதே'ன்னு மண்டையைப் பிச்சிக்குவீங்க. சரின்னு கோபத்துல டிரெஜிஸ்டர் பண்ணினா (அதோட பதிவையே எடுத்தா) அதை நம்பி இருந்த ஸ்கிரிப்ட்டெல்லாம் சத்தமில்லாம வராமலே போயிரும். பக்கத்துல எர்ரர் காட்டாது, ஸ்லைடர் மட்டும் செத்துக் கெடக்கும். ஜேக்வெரி மேல கை வைக்காதீங்கன்னு எல்லாரும் சொல்றது இதுக்குத்தான்.

பிளகின்னு பாத்தா அசெட் கிளீன்அப் இலவசமா கெடைக்குது, பெர்ஃப்மேட்டர்ஸ் காசு. ரெண்டுலயும் டெஸ்ட் மோட் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டா நீங்க செய்ற மாத்தம் லாகின் பண்ணின ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும், வெளி ஆளுக்குப் பழையபடியே ஓடும். லாகின் பண்ணாம பாருங்கன்னு அன்னைக்கு சொன்னேன்ல, டெஸ்ட் மோட்ல மட்டும் தலைகீழ். மோடை ஆஃப் பண்ணினதும் திரும்ப இன்காக்னிட்டோ.

22 ஜனவரி

தம்பி சைட்டைத் தொறந்து பாத்தேன். ஃபைல் கணக்கெல்லாம் அப்புறம், மொதல்ல மேல ஒம்பது வளைவுப் பாலம். எல்லல சைட் வச்சிருக்கிற எல்லாரும் அந்தப் பாலத்தை ட்ரோன்ல எடுத்து மொகப்புல மாட்டிருக்காங்க, இந்த கெஸ்ட் ஹவுஸ் ஜன்னல்லருந்து அந்தப் பாலம் தெரியவே தெரியாது, அது வேற விஷயம். அந்த ஒரு படம் மட்டும் நாம நிறுத்தப்போற எல்லா சிஎஸ்எஸ், ஜேஎஸ்ஸையும் சேத்து வச்சாலும் அதை விடக் கனம்.

5.3 வந்ததுலருந்து வேர்ட்பிரஸ் பெரிய படத்தை 2560 பிக்சலுக்குத் தானா எறக்கிரும், ஆனா ஃபோனுக்கு அதுவும் பெருசு. சாதாரணப் படமா போட்டிருந்தா ஃபோனுக்கு ஏத்த சின்ன சைஸை பிரவுசரே எடுத்துக்கும். இங்க சிஎஸ்எஸ் பேக்ரவுண்டா போட்டிருக்கு, அதனால சிஎஸ்எஸ் வந்து சேர்ற வரைக்கும் இப்படி ஒரு படம் இருக்குன்னே பிரவுசருக்குத் தெரியாது. எல்சிபி (தொறந்ததும் தெரியிற பெரிய படமோ எழுத்தோ வந்து சேர்ற நேரம்) 2.5 செகண்டுக்குள்ள வரணும்னா மொகப்புப் படத்தை சாதாரண படமா போட்டு, வெப்பி (WebP) ஃபார்மட்டுல சுருக்கி, அதுக்கு மட்டும் லேஸி லோடை எடுத்து விடுங்க. லேஸி லோட் கீழ இருக்கிற படத்துக்குத்தான், மொகப்புக்கு இல்ல.

26 ஜனவரி

படத்தை மாத்தினதும் ஸ்கோர் செவப்புலருந்து ஆரஞ்சுக்கு வந்திருச்சாம். ரூம் பக்கத்துல இருந்த கூகுள் மேப்பையும் எடுக்கச் சொன்னேன். மேப்போட ஒரு படத்தை வச்சு அதைத் தட்டினா ஃபோன்ல இருக்கிற மேப் ஆப் தொறக்குற மாதிரி லிங்க் குடுத்தாப் போதும், ஸ்டேஷன்ல எறங்கி ஓட்டோக்காரர்கிட்ட காட்டப்போற ஆளுக்கு அதுதான் வசதியும். மூலையில மெதக்குற வாட்ஸ்அப் விட்ஜெட்டும் அப்படித்தான், ஒரு பச்சை பட்டனுக்கும் ஒரு லிங்க்குக்கும் எதுக்கு ஒரு முழு பிளகின்?

தலவாக்கலைலருந்து தேத்தூள் பாக்கெட் ஆன்லைன்ல விக்கிற ஒரு தங்கச்சி கேக்குறாங்க, வூகாமர்ஸ் (ஆன்லைன் கடை பிளகின்) ஃபைலை பிளாக் பக்கத்துல நிறுத்தலாமான்னு. நிறுத்தலாம், ஆனா மேல ஹெடர்ல கூடை ஐகானும் அதுல ஒரு நம்பரும் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அந்த நம்பரைப் புதுப்பிக்கிற ஸ்கிரிப்ட் வேணும், அதை நிறுத்திட்டு பக்கத்தையும் கேஷ் பண்ணினா கூடையில ரெண்டு பாக்கெட் போட்டவருக்கும் பூஜ்யம்தான் காட்டும், அவர் போட்டது காணோம்னு இன்னொருக்கா போடுவார். முந்தியெல்லாம் 'கார்ட் ஃபிராக்மென்ட்'ங்கிற அந்த ஸ்கிரிப்ட் எல்லாப் பக்கத்துலயும் சும்மா ஓடிட்டிருந்துச்சு, 2023ல வூகாமர்ஸ் 7.8 வந்ததுலருந்து கூடை விட்ஜெட் இருக்கிற பக்கத்துல மட்டுந்தான் வருது. அதனால 'கார்ட் ஃபிராக்மென்ட்டைத் தூக்குங்க'ன்னு பழைய குறிப்பு எதாவது கண்ணுல பட்டா ஒங்க சைட்ல அது வருதான்னே மொதல்ல பாருங்க.

கூடைப் பக்கம், செக்அவுட் ரெண்டையும் தொடவே வேணாம். அங்க வர்றவர் காசு குடுக்க வர்றார், அரை செகண்ட் மிச்சம் புடிக்கிற எடம் அது இல்ல.

2 பெப்ரவரி

ஹோஸ்டிங் பத்தி கேட்டவருக்கு: சர்வர் அமெரிக்காவுல இருந்தா நம்ம ஊர்லருந்து ஒவ்வொரு போக்குவரத்துக்கும் நேரம் போகும், சிங்கப்பூர்ல எடுங்க. இன்னொண்ணு, ஃபைலை நிறுத்துறதால மொதல் பதில் வர்ற நேரம் கொறையாது. சிஎஸ்எஸ்ஸையும் ஜேஎஸ்ஸையும் நிறுத்தினாலும் பிளகினோட பிஎச்பி (சர்வர்ல ஓடுற கோட்) சர்வர்ல ஓடிட்டேதான் இருக்கும். அதுக்கு மருந்து பேஜ் கேஷ், இல்லன்னா பிளகினையே தூக்குறது. எல்லாப் பக்கத்துலயும் ஃபைலை நிறுத்தி வச்சிருக்கிற பழைய ஸ்லைடர் பிளகினை எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்கன்னு யாருமே பதில் சொல்றதில்ல.

3 பெப்ரவரி

பதுளைலருந்து ஒருத்தர் நேத்து எழுதினதுல புடிச்சிட்டார். 'கெஸ்ட் ஹவுஸ் சைட்டை நீங்க பாக்குறது பண்டாரவளையிலருந்து, ரூம் எடுக்கிறவன் பாக்குறது ஜெர்மனிலருந்து, சிங்கப்பூர் யாருக்குக் கிட்ட?'ன்னு கேட்டார். நியாயந்தான். தேத்தூள் தங்கச்சிக்கு சிங்கப்பூர் சரி, அவங்க ஆர்டர் பூரா கொழும்பு, கண்டி. கெஸ்ட் ஹவுஸுக்கு ரெண்டு சாதி ஆளு வர்றாங்க: அவங்க நாட்டுல இருந்துக்கிட்டு மாசக்கணக்குல முன்னாடியே பாக்குறவங்க, ரயில்ல வந்துக்கிட்டே ராத்திரிக்கு ரூம் தேடுறவங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சர்வர் கிட்ட இருக்காது, அதனால சிடிஎன் (பல நாட்டுல பக்கத்தோட காப்பியை வச்சுக் குடுக்கிற சர்வர் வலை) போட்டு பக்கத்தையே அங்க கேஷ் பண்ணிட்டா சர்வர் எங்க இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆனா ரயில்ல வர்றவனை நெனச்சுத்தான் நான் எப்பவும் டெஸ்ட் பண்ணுவேன். நானுஓயா தாண்டி பட்டிப்பொல, ஒஹிய பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். பேஜ்ஸ்பீட் மொபைல் டெஸ்ட் 1.6 எம்பிபிஎஸ் லைன், 150 மில்லிசெகண்ட் தாமதம், ப்ராசசரை நாலுல ஒரு பங்காக் கொறச்சு வச்சுத்தான் கணக்குப் போடுது. கொழும்புல இருக்கிறவங்க 'இவ்வளவு மோசமா யாரு வச்சிருக்காங்க'ன்னு சிரிப்பாங்க. அப்புத்தளையில மூடுபனி எறங்கின நேரத்துல பஸ்ல ஒக்காந்து பழைய ஃபோன்ல தொறந்து பாத்தா அந்தக் கணக்கு தாராளம்னு தோணும்.

9 பெப்ரவரி

ஃபோன்லருந்து எழுதுறேன். பகல்ல நாடு பூரா கரண்ட் போச்சு, பாணந்துறை கிரிட்ல கொரங்கு பாஞ்சிருச்சுன்னு அமைச்சர் சொல்றார். எனக்கு அதுல ஒரு லாபம், ரவுட்டர் இல்லாம டவர் சிக்னல்ல தம்பியோட சைட்டைத் தொறந்தேன். மொகப்பு பரவால்ல. எழுத்து ஒரு தரம் குதிச்சு எறங்குது, அது ஃபான்ட்.

12 பெப்ரவரி

ஹட்டன் தம்பி பதறிப்போய் எழுதிருக்கார்: ஓனருக்கு விசாரணை மெயில் ஒண்ணுகூட வரலயாம், சீசன் நேரத்துல. ஃபார்ம் தொடர்பு பக்கத்துல மட்டுந்தானே இருக்குன்னு கான்டாக்ட் ஃபார்ம் 7ங்கிற ஃபார்ம் பிளகினோட ஃபைலையும் ரீகேப்சாவையும் (ஆளா மெஷினான்னு பாக்குறது) மத்த எல்லாப் பக்கத்துலயும் நிறுத்திருக்கார். அந்த எண்ணம் சரிதான், அந்த பிளகின் ஃபார்ம் இல்லாத பக்கத்துலயும் தன் ஃபைலை எறக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா ரூம் பக்கத்துல 'இந்த ரூமைக் கேளுங்க'ன்னு ஒரு பட்டன், அதைத் தட்டினா பாப்அப்ல அதே ஃபார்ம். கவரேஜ் பாக்கும்போது பட்டனைத் தட்டிப் பாக்கல.

கிட்டப் போய்ப் பாத்தா கத சுவாரசியம். ஜேஎஸ் இல்லாட்டியும் அந்த ஃபார்ம் வேலை செய்யும், பக்கத்தை ரீலோட் பண்ணி அனுப்பும், அவ்வளவுதான். ஆனா ரீகேப்சா ஆன்ல இருக்கும்போது அதோட ஸ்கிரிப்ட் வரலன்னா டோக்கன் வராது, டோக்கன் இல்லாம வர்றதை ஸ்பாம்னு ஒதுக்கிரும். ஸ்பாம்னு ஒதுக்கினா ஃபார்ம் அடியில செய்தியைச் சுத்தி ஆரஞ்சு கலர்ல ஒரு கோடு வரும், அந்தக் கோடு வர்றது சிஎஸ்எஸ்ல, சிஎஸ்எஸ்ஸும் நிறுத்தியாச்சு. ரீலோட் ஆனதுல பாப்அப்பும் மூடிக்கிச்சு. ஆக கேட்ட ஆளுக்கு அனுப்பிட்டோம்னு நெனப்பு, ஓனருக்கு யாரும் கேக்கலன்னு நெனப்பு. எல்லாப் பக்கத்துலயும் ஸ்கோர் பச்சை.

அந்த விதியிலருந்து ரூம் பக்கத்துக்கும் விலக்கு குடுத்து சரி பண்ணியாச்சு. இனி எதை நிறுத்தினாலும் ஒரு ஃபோன்லருந்து ஃபார்மை நெரப்பி அனுப்பி, ஓனர் கையில மெயில் வந்திருச்சான்னு கேட்டுட்டுத்தான் அடுத்த வேலை. ஓனர்கிட்ட 'ரூம் கேக்குறவங்க எந்தப் பக்கத்துலருந்து கேப்பாங்க'ன்னு கேட்டிருந்தா 'ரூம் பக்கத்துலருந்துதான்'னு ஒரே வார்த்தையில சொல்லிருப்பார்.

15 பெப்ரவரி

எழுத்து குதிக்கிறதுக்கு வர்றேன். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஃபான்ட்டை கூகுள்லருந்தே எடுத்தா, தமிழ் எழுத்து இருக்கிற பக்கத்துல மட்டுந்தான் தமிழ் ஃபைலை பிரவுசர் எறக்கும், இங்கிலீஷ் பக்கத்துல அது வரவே வராது. அதனால அதைப் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்துற வேலையே இல்ல, சும்மா விடுங்க. ஃபான்ட்டை நம்ம சர்வர்லயே வைக்கிற சுவிட்சைப் போடுறவங்க மட்டும் தமிழும் சேந்து வந்திருக்கான்னு பாக்கணும், லத்தீன் (இங்கிலீஷ் எழுத்து) மட்டும் வந்திருந்தா தமிழ் ஃபோன்ல இருக்கிற எழுத்துல தெரியும், அது ஆளுக்காளு வேற மாதிரி இருக்கும். குதிக்கிறது, மொதல்ல ஃபோன் எழுத்துல காட்டிட்டு நம்ம ஃபான்ட் வந்ததும் மாத்துறதால. ரெண்டும் ஒரே அகலம் இல்ல, வரி ஒடைஞ்சு கீழ தள்ளுது. தடிச்ச எழுத்து, மெலிஞ்ச எழுத்துன்னு நாலஞ்சு போடாம ரெண்டோட நிறுத்துங்க, பாதி கொறையும்.

16 பெப்ரவரி

ஃபான்ட்டுன்னதும் ஞாபகம் வருது. பண்டாரவளைப் பக்கம் ஒரு கோயில் சைட்டைப் பாத்துக் குடுக்கச் சொன்னாங்க. முன்னாடி பாத்துக்கிட்டிருந்தவர் ஸ்பீடுக்காக எல்லாத்தையும் துப்புரவாக்கிட்டுப் போயிருக்கார், சைட்டும் வேகமாத்தான் ஓடுது. ஆனா தல வரலாறு பக்கத்தைத் தொறந்தா பூரா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும், ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியல. வைரஸ் வந்திருச்சுன்னு தலைவர் பயந்து போயிருந்தார்.

பாத்த ஒடனே நம்ம ஆளுங்களுக்கு வெளங்கியிருக்கும்: பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட். பழைய திருவிழா மலர்ல டைப் பண்ணினதை அப்படியே ஒட்டிருக்காங்க. பாமினில தமிழ் எழுத்து எல்லாம் இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல ஒக்காந்திருக்கும், பிரவுசரைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பக்கத்துல தமிழே கெடையாது. ஃபான்ட் ஃபைல் இருக்கிற வரைக்கும் தமிழாத் தெரியும், ஃபைலை நிறுத்தின நிமிஷம் வேஷம் கலைஞ்சிரும். மத்த சைட் பூரா யூனிகோட்ல (எல்லா ஃபோனும் தமிழாவே புரிஞ்சுக்கிற முறை) இருக்கு, ஒரே ஒரு பக்கத்துக்காக வர்ற ஃபான்ட், ஹோம் பக்கத்துல வச்சுப் பாத்தா தேவையே இல்லாததுதான்.

ஃபான்ட்டை அந்தப் பக்கத்துக்கு மட்டும் திருப்பி விட்டா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் விடல, கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தினேன். கொம்பு, துணைக்கால் எல்லாம் பாமினில கண்ணுக்குத் தெரியிற வரிசையில அடிச்சிருப்பாங்க, அவசரத்துல டைப் பண்ணின எடத்துல கன்வெர்ட்டர் தடுமாறும், அதனால ஐயரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு வரி வரியாப் பாத்தோம். இப்ப அந்த ஃபான்ட் எந்தப் பக்கத்துக்கும் வேணாம், கூகுள்ல தேடினாலும் அந்தப் பக்கம் தமிழ்ல வருது, ஃபோன் வாசிச்சுக் காட்டவும் செய்யுது. மலையகத்துல சங்கம், கோயில், பள்ளிக்கூடம்னு பழைய சைட் வச்சிருக்கிறவங்க ஸ்பீட் வேலை தொடங்குறதுக்கு முன்னால இதைத் தேடிப் பாருங்க.

9 மார்ச்

'மாத்தினேன், ஒண்ணும் மாறல'ன்னு வர்ற கேள்விக்கெல்லாம் சேத்து ஒரே பதில்: கேஷ் அடுக்கடுக்கா இருக்கு. ஃபைல் நிறுத்துற பிளகின், அப்புறம் பேஜ் கேஷ், அப்புறம் ஹோஸ்டிங்காரங்க வச்சிருக்கிறது, அப்புறம் சிடிஎன், கடைசியா ஒங்க பிரவுசர். உள்ளயிருந்து வெளிய அந்த வரிசையில காலி பண்ணுங்க. வெளியிலருந்து தொடங்கினா பழைய பக்கமே திரும்பப் போய் சிடிஎன்ல ஒக்காந்துக்கும்.

பேஜ்ஸ்பீட்ல மேல இருக்கிற நெச ஆளுங்க கணக்கு ஏன் மாறலன்னு கேட்டவருக்கு, அது போன 28 நாள் சேந்த கணக்கு, இன்னைக்கு சரி பண்ணினது மெதுவாத்தான் ஏறும். சின்ன கெஸ்ட் ஹவுஸ் சைட்டுக்கு அந்தப் பகுதியே வராது, அவ்வளவு ஆளு வந்திருக்க மாட்டாங்க. அதுக்குக் கவலைப்படாதீங்க.

20 ஏப்ரல்

வருஷப் பொறப்பு லீவு முடிஞ்சு வந்து பாத்தா தம்பியோட கேலரி ஒடைஞ்சு கெடக்கு. இந்தத் தரம் யாரும் எதையும் தொடல. கேலரி பிளகின் அப்டேட் ஆனதுல ஸ்கிரிப்ட்டை ரெண்டாப் பிரிச்சு புதுப் பேர் குடுத்திருக்காங்க, நம்ம விதி பழைய பேரைப் புடிச்சு ஒரு பாதியை மட்டும் நிறுத்துது. ஃபைல் நிறுத்துற எல்லா விதியும் இப்படி பேரை நம்பித்தான் நிக்குது. அதனால எதை, எந்தப் பக்கத்துல, எதுக்கு நிறுத்தினோம்னு ஒரு கூகுள் ஷீட்ல எழுதி ஓனருக்கும் குடுத்திருங்க, பெரிய அப்டேட் வந்தா அதைப் பாத்துத் தட்டிப் பாக்கலாம். ஒரு விதியால மிச்சமாகுறது ரொம்பச் சின்னதுன்னா அந்த விதியே வேணாம். தம்பி சைட்ல நான் பாதிக்கு மேல எடுத்துட்டேன், ஸ்கோர்ல பெருசா ஒண்ணும் எறங்கல.

காசு குடுத்து பிளகின் வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, பத்து சைட் பாக்குறவங்க வாங்கலாம், நேரம் மிச்சம். ஒரே ஒரு கெஸ்ட் ஹவுஸ்னா இலவசம் போதும், அந்தக் காசுல நல்லதா ஒரு மொகப்புப் படம் எடுங்க, பாலம் வேணாம்.

எமோஜி ஸ்கிரிப்ட்டை நிறுத்தலாமான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. நிறுத்துங்க, இப்ப இருக்கிற ஃபோனெல்லாம் எமோஜியைத் தானே காட்டிரும். மிச்சமாகுறது கொஞ்சந்தான்.